கடைக்குள் ஓடும் கரண்ட்: தடையும் வாட்டும் கணக்குப் போடும் முறை

‘மின்தடை’ என்றதும் வியாபாரிகளாகிய நமக்கு நினைவுக்கு வருவது மின்வெட்டுதான். பராமரிப்புப் பணிக்காக இன்ன பகுதியில் காலை 9 மணி முதல் மின்தடை என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தால், பாலையும் ஐஸ்கிரீமையும் என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கி விடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மின்தடை என்பதற்குப் பொருளே வேறு. ஒரு கம்பியோ பல்போ தன் வழியே போகும் கரண்டை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கு அங்கே அந்தப் பெயர்.

இந்த இரண்டாவது தடைக்கு யாரும் அறிவிப்புக் கொடுப்பதில்லை. அது நம் கடைச் சுவருக்குள்ளும், பிளக் பாயிண்டுக்குள்ளும், ஃப்யூஸ் கட்டைக்குள்ளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கடைவீதியில் எங்கே தீப்பிடித்தாலும் ‘மின்கசிவு’ என்ற ஒரே சொல்லில் செய்தி முடிந்து விடுகிறது. கசிவு என்றால் கரண்ட் போகக் கூடாத இடத்துக்குப் போவது. பல சமயங்களில் கசிவே இருப்பதில்லை. போக வேண்டிய பாதையில் ஒழுங்காகப் போய்க் கொண்டிருக்கும் கரண்ட், வழியில் ஏதோ ஓரிடத்தில் நெருக்கப்பட்டுச் சூடாகி, அந்தச் சூட்டிலேயே பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கிறது. அந்த இடம் எவ்வளவு சூடாகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வட்டிக்கு வட்டி போடத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கு அல்ல.

நான்கு அளவுகளைத் தெரிந்து கொண்டால் போதும். வோல்ட் என்பது கரண்டைத் தள்ளும் அழுத்தம். நம் கடைக்கு வருவது 230 வோல்ட். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் கரண்டின் அளவு. தடையின் அளவு ஓம். இது சிதம்பரத்தில் ஒலிக்கும் ஓம் அல்ல; 1827இல் இந்த விதியை நூலாக வெளியிட்ட ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயர். வாட் என்பது ஒரு சாமான் மின்சாரத்தைச் சாப்பிடும் வேகம். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இவ்வளவுதான் அடிப்படை. இதிலிருந்து கிடைப்பவை இன்னும் இரண்டு: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம், ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால் வாட். கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அதுதான் வரப் போகிறது.

1000 வாட் ஹீட்டர் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 230 × 230 = 52,900. அதை 1000ஆல் வகுத்தால் 52.9 ஓம். 100 வாட் குண்டு பல்பு என்றால் 529 ஓம். அதாவது வாட் அதிகமாக அதிகமாகத் தடை குறைகிறது. ‘பெரிய சாமானுக்குப் பெரிய தடை’ என்று பலர் நினைப்பது தவறு. ஒரு சின்ன எச்சரிக்கை: குண்டு பல்பை மீட்டரில் வைத்துப் பார்த்து, கணக்கில் வந்த 529 ஓம் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். பல்பின் இழை எரியும்போது இருக்கும் தடையில், ஆறியிருக்கும்போது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இனி ஒரு மளிகைக் கடையின் கணக்கைப் போடுவோம். 20 வாட் எல்.இ.டி. டியூப் 4, அதற்கு 80. பழைய மின்விசிறி 3, தலைக்கு 75 வீதம் 225. கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் 300. பில் போடும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 150. பாக்கெட் ஒட்டும் மெஷின் 300. ஒரு குதிரைசக்தி காபிக்கொட்டை மெஷின் ஏறத்தாழ 1000. மொத்தம் 2055 வாட். 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். மோட்டார் உள்ள சாமான்கள் இந்தக் கணக்குக்குச் சற்று மேலேயே இழுக்கும். ஓடத் தொடங்கும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுப்பதும் உண்டு. அதனால்தான் மெஷின் போட்டவுடன் விளக்கு ஒருமுறை மங்கி எழுகிறது.

இவையெல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு சாமானுக்கும் 230 வோல்ட் தனித்தனியாகக் கிடைக்கிறது. திருவிழா நாளில் கடையில் ஒரு கல்லா இருந்தால் கூட்டம் நிற்கும், இரண்டு மூன்று கல்லா போட்டால் கூட்டம் வேகமாகக் கரையும் அல்லவா? அதுபோல, சாமான் கூடக் கூடக் கரண்ட் போக வழி கூடுகிறது; மொத்தத் தடை குறைகிறது. மேலே சொன்ன கடையின் மொத்தத் தடை 25.7 ஓம். அதோடு டீ போட 1500 வாட் கெட்டில் ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 3555 வாட். தடை சுமார் 15 ஓமாக இறங்கி, கரண்ட் 15.5 ஆம்பியருக்கு ஏறுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கரண்ட் 9இலிருந்து 15.5 ஆனது, இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கம்பியின் சூடு ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி வருவது. ஆகவே அதே கம்பி மூன்று மடங்கு சூட்டை வாங்குகிறது. ஒரு கெட்டில் சேர்த்ததற்கு மூன்று மடங்கு! குழாய்க்குள் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாங்குவது சுமார் 14 ஆம்பியர்தான். 2.5 என்றால் 19, 20 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் பழைய எலக்ட்ரீஷியன்கள் 1/18, 3/20, 7/20 என்று பேசுவார்கள். முதல் எண் கம்பி இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது இழையின் கேஜ் நம்பர். 1/18 என்பது 1.5 சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. முதுநகரின் பழைய கட்டடங்களில் மரப்பட்டை மேல் ஓடும் வயரிங் பல இந்த ரகம். அந்தக் காலத்தில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடப் போட்டது. இன்று அதிலேயே ஃபிரிட்ஜும் ஓடுகிறது.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக ஃப்யூஸ் கட்டையில் பருமனான செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வயர்தான் ஃப்யூஸ். கம்பி தாங்கும் ஆம்பியருக்குக் குறைவாக ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

நீளமும் காசுதான்

முன்னே கடை, பின்னே 30 மீட்டர் தள்ளி குடோன். அங்கே ஃபிரீசர் வைக்க 1 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுக்கிறோம். கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே நீளம் 60 மீட்டர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செம்பின் தடை 0.0172 ஓம். 60ஆல் பெருக்கினால் 1.03, ஒரு ஓம் என்றே வைத்துக் கொள்வோம்.

10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 10 வோல்ட் போய் விடுகிறது. சாயங்கால நேரத்தில் தெருவிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால், குடோனில் 190தான் கிடைக்கும். ஃபிரீசர் கம்ப்ரசர் திணறும். வழியில் வீணாகும் மின்சாரம் 10 × 10 × 1 = 100 வாட். நாளைக்கு 10 மணி நேரம் இப்படி ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 540 ரூபாய், எந்தச் சாமானுக்கும் பயன்படாமல் சுவரைச் சூடாக்கியதற்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் தடை 0.41 ஓம், வீணாவது 41 வாட். ஒரு வருடத்தில் மிச்சம் ஏறக்குறைய 1900 ரூபாய். கம்பி வாங்கும்போது மீட்டருக்குப் பத்து ரூபாய் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்து நெய்வேலியில் 1962இலிருந்து மின்சாரம் உற்பத்தியாகிறது. அங்கிருந்து பெரிய டவர்களில் 2,30,000 வோல்ட்டில் அனுப்புவதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். வோல்ட்டை ஆயிரம் மடங்கு கூட்டினால், அதே வாட்டை அனுப்ப ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்து விடும்.

இதையே திருப்பிப் பார்த்தால் கடையிலுள்ள இன்வெர்ட்டர் விளங்கும். 2012இல் பல மணி நேர மின்வெட்டு இருந்தபோது நம்மில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினோம். பேட்டரி 12 வோல்ட். 600 வாட் எடுக்க வேண்டுமானால் 50 ஆம்பியர் ஓட வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளை பூத்து 0.05 ஓம் தடை உண்டானால்கூட 50 × 50 × 0.05 = 125 வாட் அந்த முனையிலேயே சூடாகும். அதில் இரண்டரை வோல்ட் வேறு போய் விடுகிறது. ‘பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் வெந்நீர் ஊற்றி முனையைத் துடைத்து முறுக்கிப் பாருங்கள்.

இணைப்பில் இருக்கிறது ஆபத்து

கம்பியில் வீணாகும் 100 வாட் 60 மீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. மீட்டருக்கு இரண்டு வாட்கூட இல்லை. பில்லுக்குத்தான் கேடு. அதே சூடு ஒரே திருகாணியில் குவிந்தால்?

ரேடியோ மெக்கானிக் கையிலிருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயப் பற்றை உருக்க அது போதும். இப்போது பிளக் பாயிண்ட் ஒன்றில் திருகாணி தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். அதன் வழியே 10 ஆம்பியர் ஓட வேண்டிய சாமான் ஒன்று ஓடுகிறது. சாமானின் தடை 23 ஓம். அரை ஓமும் சேர்ந்து 23.5. கரண்ட் 9.8 ஆம்பியர். அந்தத் திருகாணியில் பிறக்கும் சூடு 48 வாட். பிளாஸ்டிக் பெட்டிக்குள், எண்ணெய் டின்னுக்கும் கோணிச் சாக்குக்கும் பக்கத்தில், இரண்டு சால்டரிங் அயர்ன் இரவும் பகலும் எரிவதற்குச் சமம்.

கவனியுங்கள், கரண்ட் கூடவில்லை, 10இலிருந்து 9.8ஆகக் குறைந்திருக்கிறது. அப்படியிருக்க ஃப்யூஸ் எப்படிப் போகும்? எம்.சி.பி. எப்படி விழும்? இரண்டும் கரண்ட் கூடினால் மட்டுமே வேலை செய்பவை. ‘புது எம்.சி.பி. போட்டிருக்கிறேன், பயமில்லை’ என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கும் இந்த விதியை 1840 வாக்கில் கண்டு சொன்ன இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் ஜூல், ஒரு பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. தங்கள் ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டார் வைத்தால் செலவு குறையுமா என்று கணக்குப் பார்க்கப் போய்த்தான் இந்த ஆராய்ச்சிகளில் இறங்கினார். தொழில்காரர் புத்தி!

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் பாடு. உப்பனாற்றுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று, கடையில் அடுக்கியிருக்கும் கல்உப்பு, கருவாடு, இவற்றோடு மழைக்கால ஈரம். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் களிம்பு ஏறுவதுபோல, பிளக் பாயிண்டின் பித்தளையிலும் செப்புக் கம்பியின் நுனியிலும் களிம்பு ஏறுகிறது. களிம்பு கரண்டைச் சரியாகக் கடத்தாது. களிம்பு ஏறினால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் கம்பி விரிந்து சுருங்கித் திருகாணி இன்னும் தளரும். அலுமினியக் கம்பியையும் செப்புக் கம்பியையும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் இது இன்னும் வேகமாக நடக்கும். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயல் மழையிலும் தண்ணீர் புகுந்த கடைகளில், நனைந்த பிளக் பாயிண்டுகள் உலர்ந்த பிறகு ‘வேலை செய்கிறதே’ என்று அப்படியே விட்டு வைத்திருந்தால், அவற்றை முதலில் மாற்றுங்கள்.

சீரியல் செட் சொல்லும் பாடம்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தேர் ஓடும்போது நான்கு வீதிக் கடைகளிலும் சீரியல் செட் தொங்கும். பழைய வகைச் சரத்தில் 6 வோல்ட் பல்பு 38 அல்லது 40 இருக்கும். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கு போட்டுக் கொள்கின்றன. இதுதான் தொடர் இணைப்பு. ஒரு பல்பு போனால் முழுச் சரமும் அணைவது இதனால்தான். பங்கு பிரிவது தடையின் விகிதப்படி: தடை அதிகமுள்ளதற்கு அதிக வோல்ட்.

இந்தப் பங்கு முறை, நாம் கேட்காமலே கடைக்குள் நுழையும் சமயம் ஒன்று உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள கடையில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒரு ஃபேஸில் இருக்கும் சாமானும் அடுத்த ஃபேஸில் இருக்கும் சாமானும் சீரியல் செட் பல்புபோல் கோத்துக் கொள்கின்றன. இரண்டு ஃபேஸுக்கும் இடையே உள்ள 400 வோல்ட்டையும் பங்கு போடுகின்றன. ஒரு பக்கம் 1000 வாட் ஹீட்டர், 52.9 ஓம். மறுபக்கம் 100 வாட் பல்பு, 529 ஓம். பதினொன்றில் ஒரு பங்கான 36 வோல்ட் ஹீட்டருக்கு. மீதி 364 வோல்ட் பல்புக்கு! பெரிய சாமான் தப்பித்து விடும், சின்னச் சாமான் கருகும். பில் போடும் கம்ப்யூட்டரும் எல்.இ.டி. விளக்குகளும் ஒரே நாளில் மொத்தமாகப் போனால் இதுதான் முதல் சந்தேகம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தபோது நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படிப்பட்ட புயலுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் எல்லா ஸ்விட்சையும் ஒன்றாகப் போடாமல், ஒரு பல்பை மட்டும் போட்டுப் பார்த்து, மூன்று ஃபேஸிலும் நியூட்ரலுக்கு 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்த பிறகு மற்றவற்றைப் போடுவது நல்லது.

வெள்ளம் என்றதும் மனித உடம்பின் தடையையும் சொல்லி விட வேண்டும். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கி விடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். அதில் ஒரு சிறு பங்கே உயிரை எடுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கண்ணிலேயே படாது. உண்மையான ‘மின்கசிவு’ இதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்து விடும் ஆர்.சி.சி.பி. என்ற பெட்டியை இதற்குத்தான் வைக்கச் சொல்கிறார்கள். தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால், படி தாண்டி உள்ளே வருவதற்கு முன்பே மெயினை அணைத்து விடுங்கள். தண்ணீரில் நின்று கொண்டு ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

சுவரை உடைக்காமல் கண்டுபிடிக்க

நம் கடை வயரிங்கில் எவ்வளவு தடை இருக்கிறது என்பதை எதையும் பிரிக்காமலே அளக்கலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் 1500 வாட் கெட்டிலும் போதும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக் கொள்ளுங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட் நிலையில் மட்டுமே வைக்க வேண்டும். ஆம்பியர் நிலையிலோ ஓம் நிலையிலோ வைத்து உயிருள்ள பாயிண்டில் குத்தினால் மீட்டர் போவதோடு கையும் சுடும்.

குடோன் பாயிண்டில் கெட்டில் போடாதபோது 228 வோல்ட், போட்ட பிறகு 219 என்று வருகிறது. 9 வோல்ட் இறக்கம். அதே சமயம் மெயின் போர்டில் அளந்தால் 228இலிருந்து 226 ஆகிறது. ஆக 2 வோல்ட் தெருக்கம்பியின் கணக்கு, மீதி 7 வோல்ட் நம் கடைக்குள் போனது. கெட்டிலின் தடை 52,900 ÷ 1500 = 35.3 ஓம். 219ஐ அதனால் வகுத்தால் ஓடும் கரண்ட் 6.2 ஆம்பியர். 7ஐ 6.2ஆல் வகுத்தால் 1.13 ஓம். இது நம் கடைக்குள் இருக்கும் மொத்தத் தடை.

கம்பிக்கு மட்டும் எவ்வளவு இருக்க வேண்டும்? மெயினிலிருந்து 15 மீட்டர், போக வர 30, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. 30 × 0.0172 ÷ 1.5 = 0.34 ஓம். வந்திருப்பதோ 1.13. மீதி 0.79 ஓம் எங்கே? ஏதோ ஒரு திருகாணியிலோ, முறுக்கிச் சுற்றிய இணைப்பிலோ, ஃப்யூஸ் கட்டையிலோ இருக்கிறது. அங்கே இப்போது பிறக்கும் சூடு 6.2 × 6.2 × 0.79, அதாவது 30 வாட். கெட்டிலைப் பத்து நிமிடம் ஓட விட்டு, மெயினை அணைத்த பிறகு பாயிண்டின் முகப்பையும், எம்.சி.பி. பெட்டியையும், ஜங்ஷன் பாக்ஸின் மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதைப் பிரித்து, களிம்பைச் சுரண்டி, கம்பி நுனியைப் புதிதாகச் சீவி, திருகாணியை முறுக்கச் சொல்லுங்கள். கருகிய பாயிண்ட் என்றால் முறுக்குவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு அதே கெட்டிலைப் போட்டு மறுபடி அளந்தால், 7 வோல்ட் இறக்கம் இரண்டு, இரண்டேகாலுக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்னோர் இணைப்பு பாக்கி இருக்கிறது.